ஃபிளாப் கருவிப் பெட்டி: எது தேறும், எது தேறாது

கோவையில் சர்ஜிக்கல் கடைக்குப் போய் ‘பிளாஸ்டிக் சர்ஜரி பேசிக் செட்’ என்று கேட்டால், ஒரு ஸ்டீல் டிரேயில் பத்துப் பதினைந்து உருப்படியை அடுக்கித் தருவார்கள். பி.பி. (பார்ட்-பார்க்கர்) கத்திப்பிடி, பல் வைத்த ஆட்சன் ஃபோர்செப்ஸ் (திசுவைப் பிடிக்கும் சின்ன இடுக்கி) ஒன்று, பல் இல்லாத ஆட்சன் ஒன்று, தோலைத் தூக்கும் ஒற்றை ஸ்கின் ஹூக் ஒரு ஜோடி, இரட்டை ஹூக் ஒன்று, ஐரிஸ் கத்தரி, டெனாட்டமி கத்தரி, நாலைந்து மஸ்கிட்டோ கவ்வி, சின்ன நீடில் ஹோல்டர், காயத்தை விரித்துப் பூட்டி வைக்கும் மாஸ்டாய்டு ரிட்ராக்டர் ஒன்று. கடைக்குக் கடை ஒன்றிரண்டு மாறும். தறியில் விரல் சிக்கியவருக்கும், சோளத்தட்டு வெட்டும் மெஷினில் கை போனவருக்கும், பைக்கிலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பு வெளியே தெரிய வந்தவருக்கும் ஃபிளாப் (இரத்த ஓட்டத்தோடு தூக்கி, காயத்தை மூட நகர்த்தும் தோல்-திசுத் துண்டு) போடும் சின்ன ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்தே இந்த மதிப்புரை. பளபளப்பு, பிடியின் அழகு எல்லாம் இங்கே கணக்கில் இல்லை. ஒவ்வொரு கருவியும் ஃபிளாப்பின் இரத்த ஓட்டத்தை என்ன செய்கிறது என்பது மட்டுமே கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஹூக்குகளுக்காக இந்த செட்டை வாங்கலாம். பல் இல்லாத ஆட்சனையும் மாஸ்டாய்டு ரிட்ராக்டரையும் ஃபிளாப் டிரேயிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிச்சப்படுத்தும் பணம் நல்ல பைபோலார் காட்டரி முனைக்கும் (தன் இரண்டு முனைக்கு நடுவே மட்டும் மின்சாரம் பாய்ந்து குழாயைச் சுடுவது), இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளருக்கும் போகட்டும். இவை இரண்டும் செட்டில் வராது.

காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. பெயர் சொல்லக்கூடிய தமனி எதுவும் உள்ளே ஓடாத ராண்டம் ஃபிளாப்புக்கு, டெர்மிஸை (உள்தோலை) ஒட்டி அடியில் பரவியிருக்கும் நுண்குழாய் வலைதான் சோறு போடுகிறது. ஃபோர்செப்ஸ் கடிக்கும் இடமும் அதேதான். குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகக் குறைவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். தூக்கிய உடனே ஃபிளாப்பில் வெட்டுப்பட்ட சிம்பதெடிக் நரம்பு முனைகள் நார்அட்ரினலினை வெளியே விடுவதால், இருக்கும் குழாய்களும் சுருங்கிக்கொள்கின்றன. முதல் 12 மணி நேரம்தான் ஓட்டம் மிகவும் மோசமாக இருக்கும். பக்கத்துப் பக்கத்து இரத்தப் பகுதிகளை இணைக்கும் குறுகிய குழாய்கள் விரிந்து கைகொடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை ஃபிளாப்பின் நுனி கையிருப்பு ஏதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அடிப்பக்கத்தில் ஒரு கடி விழுந்தால் தாங்கும். அதே கடி நுனியில் விழுந்தால் மூன்றாம் நாள் கறுப்பு விளிம்பாகத் தெரியும்.

நீளத்துக்கு அகலம் சரியாக வைத்தோமே, ஏன் கறுத்தது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1970-லேயே மில்டன் என்ற அறுவை மருத்துவர் பன்றிகளில் செய்து காட்டிவிட்டார்: ஒரே மாதிரி இரத்த வரத்து இருந்தால், அகலத்தைக் கூட்டினாலும் ஃபிளாப் உயிர்வாழும் நீளம் கூடுவதில்லை. உள்ளே வரும் குழாயும், அதை நாம் கையாளும் விதமும்தான் தீர்மானிக்கின்றன. ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு இறுகக் கவ்வும் ஆலிஸ் ஃபோர்செப்ஸால் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால், அளந்த பலன் அந்த இடத்திலேயே போய்விடும்.

ஹூக்குக்கு வருவோம். செட்டில் உள்ள பொருள்களில் இதுதான் தங்கம். ஒரே புள்ளியில் இறங்கி, அழுத்தாமல் தூக்கும். நசுங்கும் திசு ஏறக்குறைய இல்லை. ஆனால் முனை நன்றாக இருந்தால் மட்டும். மலிவு செட்டில் அதிகம் கோளாறு வருவதும் இங்கேதான். எஃகைச் சரியாகப் பதப்படுத்தியிராவிட்டால் இழுக்கும்போது வளைவு நிமிர்ந்துகொள்ளும், ஹூக் நழுவித் தோலைக் கீறிவிடும். முனையில் அரம் போட்ட பிசிறு மிச்சமிருந்தால் உள்ளே போகும்போது தெரியாது, வெளியே எடுக்கும்போது டெர்மிஸைக் கிழிக்கும். கடையிலேயே சோதித்துவிடலாம். “ஏனுங்ணா, லென்ஸ் இருக்குங்களா? முனையைப் பார்த்துத்தானுங்க எடுப்போம்” என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஒரு பஞ்சு உருண்டையில் முனையை இறக்கி, வளைவின் வழியே திருப்பி எடுங்கள். ஒரு இழைகூட ஒட்டி வரக்கூடாது. இரண்டு ஹூக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவு ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று அகலமாகவும் மற்றது குறுகியும் இருந்தால் அது ஜோடியே இல்லை.

பயன்படுத்தும்போது தோலின் மேற்புறத்திலிருந்து குத்தக் கூடாது. விளிம்பிலிருந்து 2, 3 மி.மீ. உள்ளே தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து டெர்மிஸில் மட்டும் ஏற்ற வேண்டும். இழுப்பது ஹூக்கின் தண்டு போகும் திசையில் இருக்கட்டும். பக்கவாட்டில் திருகினால் அந்த ஒரு புள்ளி கோடாகக் கிழியும். ஃபிளாப்புக்கு இரத்தம் வந்து போகும் காம்புப் பக்கம் ஹூக்கே போகக் கூடாது. செட்டில் ஒற்றை ஹூக் இரண்டுதான் வரும். குரோயின் (தொடை இடுக்கு) ஃபிளாப் போன்ற அகலமான வேலைக்கு நாலு வேண்டும், தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு, ஊசியின் முனையை நீடில் ஹோல்டரால் வளைத்து சிரிஞ்சில் மாட்டினால் ஒரு தடவைக்கான ஹூக் தயார். சில மலிவு ஹூக்குகளைவிட இதன் முனை கூர்மை. இல்லாவிட்டால் 4-0 சில்க்கில் விளிம்பில் ஒரு ஸ்டே தையல் போட்டு, நூலைப் பிடித்துத் தூக்கலாம். உதவியாளரின் கை சோர்ந்தாலும் நூல் நசுக்காது.

ஒரு எச்சரிக்கை: ஹூக்கைக் கைக்குக் கை கொடுக்காதீர்கள். கிட்னி டிரேயில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கையுறையைத் தாண்டி விரலில் எளிதாக ஏறிவிடும்.

ஆட்சன் விஷயத்தில் ஒரு தலைகீழ்ப் புரிதல் இன்னும் உலவுகிறது. பல் இருந்தால் குத்தும், பல் இல்லாவிட்டால் மென்மை என்று நினைத்து, மெல்லிய தோலுக்குப் பல் இல்லாததை எடுத்துக் கொடுக்கிறார்கள். பல் இல்லாத முனை உராய்வால் மட்டுமே பிடிக்கிறது. வழுக்காமல் இருக்க விரல் தானாக இறுக்கும். அந்த இறுக்கம் முழுவதும் இரண்டு தட்டையான பரப்புக்கு நடுவே சிக்கிய நுண்குழாய் வலையின் மேல்தான் இறங்குகிறது. 1×2 பல் வைத்த ஆட்சன் டெர்மிஸில் மூன்றே புள்ளியில் கடித்து, லேசான அழுத்தத்திலேயே நிற்கும். அதைக்கூடத் தோலின் முழுத் தடிப்பையும் சேர்த்துக் கவ்வப் பயன்படுத்தாமல், விளிம்பை அடியிலிருந்து ஏந்தித் திருப்ப மட்டும் பயன்படுத்தினால் நல்லது. நிறையச் சின்னப் பற்கள் கொண்ட ஆட்சன்-பிரவுன், தொடை, வயிறு மாதிரி கொழுப்புள்ள ஃபிளாப்புக்குத் தோதாக இருக்கும். கிராஸ் ஃபிங்கர் (பக்கத்து விரலிலிருந்து எடுக்கும் ஃபிளாப்) மாதிரி மெல்லிய தோலுக்கு அதையும் ஒதுக்குங்கள்.

இந்த செட்டின் பல் ஆட்சன் பாஸ், ஆனால் முதல் மதிப்பெண் இல்லை. வாங்கும்போது மெதுவாக மூடிப் பாருங்கள், முனைதான் முதலில் சேர வேண்டும். பிறகு இறுக்கி அழுத்துங்கள். அழுத்த அழுத்த முனை விரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முனை விரியும் ஃபோர்செப்ஸை வைத்திருப்பவர் தன்னை அறியாமல் இரண்டு மடங்கு அழுத்துவார்.

கத்தரிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஈரமான ஒற்றை அடுக்கு காஸை முனையால் மட்டும் வெட்டிப் பாருங்கள். மென்று துப்பினால் வேண்டாம். மொண்ணைக் கத்தரி வெட்டுவதைவிட இழுப்பது அதிகம், இழுபட்ட சின்னக் குழாய்கள் உள்ளுக்குள் கிழிந்து உறையும். தங்க நிறப் பிடி என்றால் வாயில் டங்ஸ்டன் கார்பைடு பதித்தது என்று அர்த்தம். வெறும் தங்க முலாம் பூசிய போலிகளும் உண்டு, வாய்ப் பகுதியில் வேறு உலோகம் பொருத்திய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நீடில் ஹோல்டர் பரவாயில்லை ரகம்.

மாஸ்டாய்டு ரிட்ராக்டர் நல்ல கருவிதான், ஆனால் ஃபிளாப் விளிம்பில் வைப்பதற்கு இல்லை. பல்லைப் பதித்து ராட்செட்டைப் பூட்டிவிட்டால் அது சோர்வதும் இல்லை, இரங்குவதும் இல்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தால் விளிம்பு முழுக்க அழுத்தத் தடம். எலும்பு வேலைக்காக வைத்தே ஆக வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத் தோலில் பதியுமாறு வையுங்கள், இடையிடையே பூட்டைத் தளர்த்துங்கள். மஸ்கிட்டோவையும் ஃபிளாப்பின் விளிம்பில் மாட்டித் தொங்கவிடும் பழக்கம் சில தியேட்டர்களில் இருக்கிறது. இரத்தக் குழாய்க்கென்று செய்த கவ்வி அது. தோலில் மாட்டினால் கவ்விய இடம் செத்ததுதான்.

செட்டுக்கு வெளியே உள்ளவற்றில் காட்டரிதான் முதல் ஆபத்து. மோனோபோலாரில் மின்சாரம் முனையிலிருந்து உடல் வழியாக எர்த் பிளேட்டுக்குத் திரும்ப வேண்டும். ஃபிளாப்பை முழுக்கத் தூக்கிய பிறகு அது திரும்பிப் போக இருக்கும் ஒரே வழி காம்பு. காம்பு எவ்வளவு குறுகலோ, அவ்வளவு சூடு அங்கே குவியும். நுனியில் ஒரு புள்ளியைச் சுட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம், உறைவது காம்பில் இருக்கும் சிரை. எனவே தூக்கத் தொடங்கியதிலிருந்து பைபோலார் மட்டும். முனையை உப்பு நீரில் நனைத்து, குறைந்த பவரில், கிளைக் குழாயைத் தாய்க் குழாயிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளிச் சுட வேண்டும். கிளை கொஞ்சம் தடிப்பாக இருந்தால் கிளிப்போ நூல் கட்டோ மேல். ஒட்டிக்கொள்ளும் பைபோலார் முனையைப் பிய்த்து இழுத்தால் கிளை வேரோடு வரும், அதனால் முனையை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியில் துடைக்கச் சொல்லுங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம்.

காம்பையும், ஆழத்திலிருந்து தோலுக்கு ஏறும் பெர்ஃபொரேட்டர் என்ற குழாயையும் எந்த ஃபோர்செப்ஸாலும் குறுக்கே பிடிக்கக் கூடாது. மேலுறைத் திசுவை மட்டும் கிள்ளி நகர்த்தலாம். காலிலோ கையிலோ டூர்னிக்கே (இரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) போடும்போது எஸ்மார்க் ரப்பர் பட்டையைக் கட்டி முழுக்க இரத்தத்தை வழித்துவிடாமல், சில நிமிடம் உயர்த்திப் பிடித்துவிட்டு ஏற்றினால், பெர்ஃபொரேட்டரில் கொஞ்சம் இரத்தம் தங்கி நீலமாகத் தெரியும். தெரியாமல் அறுப்பது குறையும். குழாய் சுருங்கிக்கொண்டால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் தவறு. அட்ரினலின் கலக்காத 2 சதவீத லிக்னோகெய்னோ, பாப்பவெரினோ சொட்டுவிட்டு, வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த காஸை மேலே வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். பாப்பவெரினை ரிங்கர் லாக்டேட்டில் கலக்காதீர்கள், வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும். சாதாரண உப்பு நீர்தான். ஏ.சி. நேராக அடிக்கும் தியேட்டரில் திறந்து கிடக்கும் ஃபிளாப் சீக்கிரம் காயும், குளிரும். குளிர்ந்தால் சுருங்கும். நோயாளியின் உடல் சூடு 36 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதை.

தசையுறையோடு தூக்கும் ஃபிளாப் என்றால் உறையைத் தோல் விளிம்போடு நாலைந்து இடத்தில் தற்காலிகமாகத் தைத்துவையுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் நடுவே ஏறும் பெர்ஃபொரேட்டர் அறுபடும். இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டுப் பின்னால் கருவியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. கெண்டைக்கால் தோலைக் கீழ்நோக்கித் திருப்பும் ரிவர்ஸ் சூரல் ஃபிளாப்பில் திருப்புப் புள்ளி வெளிக் கணுக்காலுக்கு மேல் 5 செ.மீ. அளவில் இருக்க வேண்டும், காம்பு 3, 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். சுரங்கம் குடைந்து நுழைப்பதைவிட நடுத்தோலைத் திறந்து காம்பைப் படுக்கவைப்பது பாதுகாப்பு. சுரங்கத்துக்குள் வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது சிரை, அதன் சுவர் மெல்லியது. பெர்ஃபொரேட்டரை அச்சாக வைத்துச் சுழற்றும் ப்ரொப்பெல்லர் ஃபிளாப்பைத் தூக்கியவுடன் திருப்பாதீர்கள். டூர்னிக்கேயை இறக்கிவிட்டு 15, 20 நிமிடம் இருந்த இடத்திலேயே கிடக்கட்டும். பெர்ஃபொரேட்டரைச் சுற்றியுள்ள நார்களை ஒன்றுவிடாமல் விடுவித்த பிறகே சுழற்ற வேண்டும். ஒரே ஒரு நார் மிச்சமிருந்தாலும் முறுக்கு முழுவதும் அங்கே முடிச்சாகிவிடும்.

தையலில் கவனிக்க வேண்டியது நுனி மூலை. அங்கே சாதாரணத் தையல் போட்டால் நூல் வளையம் நுனியையே கழுத்தை நெரிக்கும். எதிர்ப்பக்கத் தோலில் நுழைந்து, ஃபிளாப் நுனியில் டெர்மிஸுக்குள் மட்டும் கிடையாக ஓடி, மறுபடி எதிர்ப்பக்கத்தில் வெளியே வரும் மூலைத் தையல்தான் அங்கே. கையில் 5-0, காலில் 4-0 நைலான் போதும். முடிச்சுப் போட்ட பிறகு சுற்றிலும் வெளுத்த கோடு நின்றால் அவிழ்த்துத் தளர்த்துங்கள். முன்பே அட்ரினலின் ஊசி போட்டிருந்தால் அந்த வெளுப்பையும், விளிம்பில் இரத்தம் வராததையும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது டாப்ளர். கையடக்கமான 8 மெகாஹெர்ட்ஸ் பென்சில் முனை போதும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, முனையை 45 முதல் 60 டிகிரி சாய்த்து, எடையே இல்லாமல் தொட வேண்டும். அழுத்தினால் சிரை மூடிக்கொள்ளும், மெல்லிய பெர்ஃபொரேட்டரும் மூடும். தமனி துடித்துத் துடித்துக் கேட்கும், சிரை ஆடிக் காற்று ஜன்னல் இடுக்கில் புகுந்த மாதிரி விடாமல் இரையும். ஃபிளாப்பை மெதுவாக அமுக்கினால் அந்த இரைச்சல் ஒரு கணம் கூடும். கூடினால் சிரை திறந்திருக்கிறது. நல்ல சத்தம் கேட்ட இடத்தில் ஒரு தையலைப் போட்டு அடையாளம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நைட் டியூட்டி சிஸ்டர் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். காலில் அடியே ஓடும் பெரிய தமனியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பெர்ஃபொரேட்டர் என்று நம்பவைக்கும். சிரை அடைத்த பிறகும் தமனிச் சத்தம் சில மணி நேரம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் ‘சத்தம் இருக்கு’ என்ற ஒரே குறிப்பு கேஸ் ஷீட்டில் இருந்தால் பயனில்லை. முனையை ஆட்டோகிளேவில் போடக் கூடாது. அறுவையின்போது ஸ்டெரைல் கையுறையின் விரலுக்குள் ஜெல் விட்டு, அதனுள் முனையைச் செருகிப் பயன்படுத்தலாம். வயர் முனையோடு சேரும் கழுத்தில்தான் முதலில் அறும். சுற்றி இறுக்கி வைக்காதீர்கள்.

நம் ஊர்த் தோல் நிறத்துக்குப் பாடப்புத்தகம் சொல்லும் ‘வெளுப்பு, நீலம்’ இரண்டும் தாமதமாகவே தெரியும். ஆகவே அழுத்திவிட்டு நிறம் திரும்புவதை மட்டும் நம்பாமல், தொட்டுச் சூடு பாருங்கள். பக்கத்துத் தோலைவிட 2 டிகிரிக்கு மேல் குறைந்தால் சந்தேகம். 24 கேஜ் ஊசியால் ஒரு குத்து: சிவப்பாக மெல்ல ஊறினால் சரி. எதுவும் வராவிட்டால் தமனிக் கோளாறு. கறுஞ்சிவப்பாகக் குபுக்கென்று வந்தால் சிரைக் கோளாறு. முதல் நாள் மணிக்கொரு தரம், இரண்டாம் நாள் இரண்டு மணிக்கொரு தரம், பிறகு நாலு மணிக்கொரு தரம். கோளாறு தெரிந்தால் முதலில் கட்டைப் பிரியுங்கள், மாவுக்கட்டின் விளிம்பு காம்பில் உரசுகிறதா பாருங்கள், ஒன்றுவிட்டு ஒரு தையலை எடுங்கள், அடியில் இரத்தக் கட்டு இருந்தால் வெளியேற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மாற்றம் இல்லையென்றால் தியேட்டருக்குத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் மைக்ரோ சர்ஜரி செய்யும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விஷயத்தில் கொங்குப் பக்கம் கொடுத்துவைத்தது: திறந்த கால் எலும்பு முறிவை மதிப்பிட உலகம் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்றே கோவை கங்கா ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்கிறது. பெருந்துறையிலிருந்தோ அவிநாசியிலிருந்தோ நெடுஞ்சாலை ஏறினால் கோவை தூரமில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் தூரமாக்குகிறது.

கடைசியாகப் பராமரிப்பு. இந்த செட்டின் எஃகு துருப்பிடிக்குமா என்று கேட்கிறார்கள். எஃகைவிடத் தண்ணீர்தான் பிரச்சினை. சிறுவாணித் தண்ணீர் வரும் கட்டிடத்தில் வருஷக்கணக்கில் பளிச்சென்று இருக்கும் அதே ஃபோர்செப்ஸ், போர் தண்ணீரில் கழுவும் இடத்தில் சில மாதங்களில் பல் இடுக்கில் வெள்ளைப் பொருக்கு கட்டிக்கொள்ளும். பொருக்கு கட்டிய பல் சரியாகக் கவ்வாது, கை இன்னும் இறுக்கும். கடைசி அலசலை ஆர்.ஓ. அல்லது டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். இரத்தம் காய்வதற்குள் கழுவிவிடுங்கள். ஹைப்போகுளோரைட்டில் ஊறப்போட்டால் குழி விழும். 121 டிகிரி ஆட்டோகிளேவுக்குப் போகும்முன் ஹூக் முனைகளுக்கு சிலிகான் டியூப் துண்டுகளை மாட்டுங்கள், இரண்டு பக்கமும் திறந்த துண்டாக இருந்தால்தான் நீராவி முனைவரை போகும். முதல் இரண்டு ஆட்டோகிளேவுக்குள் இணைப்புகளில் பழுப்புப் புள்ளி வந்தால் பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். முனை நிமிர்ந்த ஹூக்கை மட்டும் வளைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், வேறு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை நிமிர்ந்த எஃகு மறுபடி நிமிரும்.